பயண ஜெபமும் பழைய டயரும்

உண்மையுள்ள உக்கிராணக்காரன் – குடும்ப நிர்வாகப் பகுதி



வனாந்தரத்தில் 40 ஆண்டுகள் நடந்த இஸ்ரவேல் மக்களின் பாதரட்சைகள் தேயவில்லை என்று உபாகமம் 29-ஆம் அதிகாரம் சாட்சி கூறுகிறது. கல்லிலும் மணலிலும் ஒரு தலைமுறை முழுவதும் நடந்தும் செருப்பு மாற்றும் தேவை அவர்களுக்கு வரவில்லை. அது தேவன் செய்த அற்புதம். ஆனால் அதே ஜனங்கள் கானானுக்குள் வந்து அத்தேசத்தின் தானியத்தை உண்ட மறுநாளில் மன்னா நின்றுபோயிற்று என்று யோசுவா 5-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதன்பின் அவர்கள் உழுது, விதைத்து, அறுத்து உண்டார்கள். போஷித்தவர் அதே தேவன்தான். போஷித்த வழி மாறியது. வேலையும் வீடும் வாகனமும் தந்து அந்நிய நகரங்களில் நம்மைக் குடியமர்த்தியிருக்கிற கர்த்தர், அந்த வாகனத்தைப் பராமரிக்கும் பொறுப்பையும் நம்மிடத்தில் ஒப்புவித்திருக்கிறார்.

பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் மும்பை, புனே, பெங்களூர், ஐதராபாத் முதலிய நகரங்களிலுள்ள நம் குடும்பங்கள் சொந்த ஊருக்குப் புறப்படுகின்றன. ஒரு காலத்தில் இரயில் பெட்டியில் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தோம். இன்று பலரும் காரிலேயே போகிறோம். மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர்; பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 620 கிலோமீட்டர். புறப்படுவதற்கு முந்தின வாரத்தில் பல வீடுகளில் ஒரு வாக்கியம் கேட்கிறது: “டயர் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. ஊருக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். கர்த்தர் பார்த்துக்கொள்வார்.” இம்மாதம் இந்த வாக்கியத்தைத்தான் சற்று ஆராயப்போகிறோம்.

ஜெபமும் காவலும்

பயணம் புறப்படும்போது 91-ஆம் சங்கீதத்தை வாசித்து, வாகனத்தின்மேல் கைவைத்து ஜெபித்துக் கிளம்புகிறோம். இது நல்ல வழக்கம், ஒருபோதும் விட்டுவிடலாகாது. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். பிசாசானவன் நம் ஆண்டவரைத் தேவாலயத்தின் உச்சியில் நிறுத்திக் கீழே குதிக்கச் சொன்னபோது, அவன் எடுத்துக்காட்டியதும் இதே 91-ஆம் சங்கீதந்தான். தூதர்கள் காப்பார்கள் என்ற வாக்குத்தத்தம் பொய்யென்று ஆண்டவர் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொண்டு பிதாவைப் பரீட்சை பார்க்க அவர் மறுத்துவிட்டார். தேய்ந்த டயரென்று அறிந்தும், பிள்ளைகளைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போவது விசுவாசமா, பரீட்சையா? ஒவ்வொரு தகப்பனும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எருசலேமின் அலங்கத்தைக் கட்டிய நெகேமியா, எதிரிகள் வருகிறார்கள் என்று கேட்டபோது தேவனை நோக்கி ஜெபித்தான், காவலையும் வைத்தான். நெகேமியா 4:9-ல் இவ்விரண்டும் ஒரே வசனத்தில் வருகின்றன. புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று உபாகமம் 22:8-ல் கட்டளையிட்டவரும் நம் தேவனே. யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறார். டயர் அத்தகைய ஒரு கைப்பிடிச்சுவர். அது நம்மை மட்டுமல்ல, எதிரே இருசக்கர வாகனத்தில் வருகிற அறியாத ஒரு குடும்பத்தையும் காக்கிறது.

எப்போது மாற்ற வேண்டும்?

கார் எவ்வளவு பெரிதானாலும் ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். டயரின் மேற்பரப்பில் மேடும் பள்ளமுமாக இருப்பதை ஓட்டுநர்கள் ‘பட்டன்’ என்பார்கள். அந்தப் பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. மழைநீரை டயருக்கு அடியிலிருந்து வெளியே தள்ளும் வாய்க்கால்கள் அவை. வாய்க்கால் தூர்ந்தால் வயலில் நீர் தேங்குவதுபோல, பட்டன் தேய்ந்தால் டயருக்கும் சாலைக்கும் நடுவே நீர் தேங்கி, வண்டி தண்ணீரின்மேல் மிதந்து வழுக்கும். அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் பயன்படா.

முதலாவது, ஆழத்தைப் பாருங்கள். புதிய கார் டயரில் பள்ளத்தின் ஆழம் பொதுவாக 7 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வேண்டும் என்கின்றன. இதை அறிய மெக்கானிக் தேவையில்லை. டயரின் தோள்பகுதியில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ ஒரு சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு சிறிய ரப்பர் மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் 1.6 என்பது சட்டத்தின் கடைசி எல்லை. ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கும்போதே நனைந்த சாலையில் வண்டி நிற்கும் தூரம் கூடத் தொடங்கிவிடும். ஆகவே மும்பையில் வாழ்கிறவர்கள் ஜூன் மாத மழைக்கு முன்பாக அளந்து, 3 மில்லிமீட்டரிலேயே மாற்றத் திட்டமிடுவது நல்லது. ஆழம் அளக்கும் சிறு கருவி உதிரிபாகக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

இரண்டாவது, வயதைப் பாருங்கள். நம்மில் அநேகருடைய கார் ஞாயிறு ஆராதனைக்கும் கடைவீதிக்கும் மட்டுமே வெளியே வருகிறது. கிலோமீட்டர் ஏறவில்லை, பட்டனும் நன்றாக இருக்கிறது. ஆனால் வெயிலில் நின்ற ரப்பர் ஆண்டுகள் செல்லச்செல்ல இறுகி, நுண்ணிய வெடிப்புகள் கண்டுவிடும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் கொண்ட ஓர் எண் உண்டு. 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில், அதாவது ஜூன் மாதத்தில் செய்யப்பட்டது என்று பொருள். வெளிப்புறத்தில் காணாவிட்டால் உட்புறச் சுவரில் தேடுங்கள். ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் அறிந்தவரிடம் காட்டவேண்டும். பத்து ஆண்டுகள் ஆனதைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். பழைய கார் வாங்குகிறவர்கள் ஸ்டெப்னியின் எண்ணையும் மறவாமல் பாருங்கள். அது கார் செய்யப்பட்ட நாள்முதல் டிக்கியிலேயே கிழடாகியிருக்கலாம்.

மூன்றாவது, காயங்களைப் பாருங்கள். சாலைக் குழியில் இறங்கிய டயரின் பக்கச்சுவரில் சில வேளைகளில் முட்டைபோல ஒரு வீக்கம் தோன்றும். உள்ளே இருக்கும் இழைகள் அறுந்துவிட்டன என்பதன் அடையாளம் அது. அதற்குப் பரிகாரமில்லை, அன்றே மாற்றவேண்டும். பட்டன் பகுதியில் ஆணி குத்தினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கச்சுவரில் கிழிந்தால் ஒட்டலாகாது.

தேய்மானத்தின் விதமும் நமக்குப் பாடம் சொல்லும். இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாயிருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஒரே ஓரம் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய டயர் போட்டால், அதுவும் அதே வழியில் போகும்.

ஊரிலா, நகரத்திலா?

“டயர் நம் ஊரில்தானே செய்கிறார்கள், அங்கே மலிவாகக் கிடைக்கும்” என்ற எண்ணம் பலரிடம் உண்டு. டயர்த் தொழிலில் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் இருப்பது உண்மையே. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரிதான் இன்றைய எம்.ஆர்.எஃப். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்திலும் பெரிய தொழிற்சாலைகள் உள்ளன. ஆனால் தொழிற்சாலை அருகில் இருப்பதால் டயருக்கு வரி குறைவதில்லை. ஜி.எஸ்.டி. நாடு முழுவதும் ஒன்றுதான். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரியில்லாமல் 3,600 ரூபாய் விலையுள்ள டயர் முன்பு 4,608 ரூபாய் ஆகியிருக்கும். இப்போது 4,248 ரூபாய். இந்தச் சலுகை மும்பையிலும் உண்டு, நாகர்கோவிலிலும் உண்டு.

ஊரில் தெரிந்த கடைக்காரர் சில நூறு ரூபாய் குறைத்துத் தரலாம். ஆனால் அந்தச் சில நூறு ரூபாயைச் சேமிக்க, மிக மோசமான டயரில் மிக நீண்ட பயணத்தை, அதுவும் கோடையின் உச்சத்தில் செய்கிறோம் என்பதை எண்ணிப்பாருங்கள். ஐந்து பேர், அவர்களுடைய பெட்டிகள், மேலே கட்டிய மூட்டை, கொதிக்கும் சாலை, இடைவிடாத வேகம் ஆகிய அனைத்தும் டயரைச் சூடேற்றுகின்றன. காற்றும் குறைவாயிருந்தால் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி நிமிர்ந்து மேலும் சூடாகி வெடிக்கும். மும்பையையும் நாக்பூரையும் இணைக்கும் சம்ருத்தி விரைவுச்சாலையின் முதற்பகுதி 2022 டிசம்பரில் திறக்கப்பட்டபின், டயர் வெடித்து விபத்துகள் நேர்ந்தன. 2023-ல் அதிகாரிகள் நுழைவாயிலிலேயே டயர்களைச் சோதித்து, தேய்ந்தவற்றோடு வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். நம் வழியிலுள்ள தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலான தொப்பூர் இறக்கம் விபத்துகளுக்குப் பெயர்போனது. அங்கே நம் டயரைச் சோதிக்க எவரும் நிற்கமாட்டார்கள்.

ஆகவே மாற்றவேண்டிய டயரைப் புறப்படுகிற இடத்திலேயே மாற்றுங்கள். அதையும் புறப்படும் முந்தின இரவில் செய்யாமல் இரண்டு வாரங்களுக்கு முன்பாகவே செய்யுங்கள். அவசரம் இருப்பவனிடம் கடைக்காரர் விலையைக் குறைப்பதில்லை. மேலும் புதிய டயரை நகரத்தில் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிப் பழக்கியபின் நெடும்பயணம் போவது நல்லது.

எங்கே வாங்குவது?

கார்க் கம்பெனி சர்வீஸ் நிலையம், ஒரே கம்பெனியின் டயர்களை விற்கும் கடை, பல கம்பெனி டயர்களை வைத்திருக்கும் கடை, இணையத்தில் வாங்கி அருகிலுள்ள கடையில் பொருத்துதல் என நான்கு வழிகள் உண்டு. பல கம்பெனிகளை வைத்திருக்கும் கடையில் பொதுவாகப் பேரத்துக்கு இடமுண்டு. பெங்களூரின் ஜே.சி. ரோடு, டெல்லியின் காஷ்மீரி கேட், மும்பை குர்லாவின் சி.எஸ்.டி. ரோடு போன்ற வாகனப் பொருள் சந்தைகளில் பல கடைகளில் ஒரே நாளில் விசாரிக்கலாம். இந்தியோ கன்னடமோ சரளமாக வராதவர்கள் கூச்சப்பட்டு முதற்கடையிலேயே வாங்கிவிடுகிறார்கள். உங்கள் சபையில் மெக்கானிக்காகவோ ஓட்டுநராகவோ வேலை செய்யும் ஒரு சகோதரன் கட்டாயம் இருப்பார். அவரை அழைத்துச் செல்லுங்கள்.

மூன்று கடைகளிலாவது விலை கேளுங்கள். வெறும் டயர் விலையை ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். பொருத்தும் கூலி, பேலன்சிங், வீல் அலைன்மென்ட், புதிய வால்வு ஆகியவை எல்லாம் சேர்ந்த தொகையைக் கேட்டு, பழைய டயருக்கு அவர்கள் தரும் விலையைக் கழித்துப் பாருங்கள். அளவைக் காரின் கையேட்டில் உள்ளபடியே வாங்குங்கள். 165/80 ஆர்14 85டி என்றிருந்தால், அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 80 சதவீதம், ரேடியல் வகை, 14 அங்குலச் சக்கரம். 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதையும், டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம்வரை பொறுக்கும் என்பதையும் குறிக்கும். இவ்விரண்டில் கையேடு சொல்வதற்குக் குறைவானதை, மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தயாரிப்பு வாரத்தையும் பார்த்தபின்பே பொருத்த அனுமதியுங்கள். ரசீதில்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். ரசீது இல்லாவிட்டால் வாரண்டி கேட்க வழியிராது. வரி ஏய்ப்புக்கும் நாம் உடந்தையாவோம்.

நைட்ரஜன் காற்று அவசியம் என்று சொல்வார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சாதாரணக் காற்றை இரு வாரத்துக்கு ஒருமுறை ஒழுங்காகப் பார்த்தால் போதும்.

கிபியோனியரின் தந்திரம்

யோசுவா 9-ஆம் அதிகாரத்தில் கிபியோனியர் பழைய பாதரட்சைகளையும் கந்தையான வஸ்திரங்களையும் அணிந்துவந்து, தூரதேசத்தார்போல் நடித்து இஸ்ரவேலரை ஏமாற்றினார்கள். தலைவர்கள் கண்ணால் கண்டதை நம்பினார்கள், கர்த்தரிடத்தில் விசாரிக்கவில்லை. பழைய டயர் விற்கும் சில இடங்களில் இந்தத் தந்திரம் தலைகீழாக நடக்கிறது. அங்கே கிழட்டு டயர் கருப்பு பாலிஷ் பூசப்பட்டுப் புதிதுபோல் மின்னுகிறது. மொட்டையான டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி விற்கிறவர்களும் உண்டு. அப்படி வெட்டும்போது உள் இழைகளைக் காக்கும் ரப்பர் மெலிந்துவிடுகிறது.

நேர்மையாக விற்கப்படும் பழைய டயரானாலும் அது உண்மையில் மலிவா? ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிடுவோம். புதிய டயர் 4,500 ரூபாய்; ஆழம் 8 மில்லிமீட்டர். சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம் என்றால் நமக்குப் பயன்படுவது 6.4 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 703 ரூபாய் விழுகிறது. பழைய டயர் 1,800 ரூபாய்; மீதி ஆழம் 4 மில்லிமீட்டர். பயன்படுவது 2.4 மட்டுமே. ஒரு மில்லிமீட்டருக்கு 750 ரூபாய்! வாரண்டி இல்லை, முன்பு எந்தக் குழியில் விழுந்தது என்ற சரித்திரமும் தெரியாது. கையில் கொடுக்கும் பணம் குறைவு என்பதால் மலிவென்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

நான்கையும் வாங்கப் பணமில்லையென்றால்

வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டி, ஊரிலுள்ள பெற்றோருக்கும் அனுப்புகிற குடும்பத்துக்கு ஒரே மாதத்தில் 18,000 ரூபாய் எளிதல்ல. அதற்காக அதிக வட்டிக்குக் கடன் வாங்கவும் வேண்டாம். நான்கையும் ஒன்றாக மாற்றவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒரே அச்சிலுள்ள இரண்டை ஜோடியாக மாற்றலாம். வண்டி முன்சக்கரத்தால் இழுக்கப்படுவதானாலும் புதிய இரண்டையும் பின்புறத்தில் போடுங்கள். மீதியிருப்பதில் நல்லவற்றை முன்னே கொண்டுவாருங்கள். மழையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். சாதாரண ஓட்டுநரால் அதை அடக்க இயலாது. ஸ்டெப்னி அதே அளவுடையதாய், வயது குறைந்ததாய், பயன்படாமல் இருந்தால் அதனோடு அதே வகையில் ஒன்றே ஒன்றை வாங்கி ஜோடி சேர்க்கலாம். அப்போது கழற்றியவற்றில் நல்லதொன்று ஸ்டெப்னியாகட்டும்.

இருக்கிற டயரின் ஆயுளை நீட்டுவதும் சம்பாத்தியமே. டயர் குளிர்ந்திருக்கும் காலையில் காற்றைப் பாருங்கள். அளவு ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும். முழுப் பாரத்துக்குத் தனி அளவு உண்டு. வழியில் சூடான டயரில் அளவு கூடியதாகக் காட்டினால் காற்றை இறக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கும் டயர்களை இடம் மாற்றிப் போடுங்கள்.

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பித்தார். மேலே சொன்ன 18,000 ரூபாயை ஐந்து ஆண்டுகளின் 60 மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் 300 ரூபாய். சம்பளம் வந்ததும் தசமபாகத்துக்கு ஓர் உறை எடுத்துவைக்கிற வீடுகளில், அதற்குப் பின்னால் ‘வாகனம்’ என்று எழுதிய மற்றோர் உறையும் இருக்கட்டும். அது அவிசுவாசத்தின் அடையாளமல்ல.

போதகருடைய வாகனத்தையும் பாருங்கள்

முடிவாக ஒரு காரியம். கிளைச் சபைகளுக்கும் வீட்டுக் கூட்டங்களுக்கும் இரவும் பகலும் ஓடுகிற ஊழியரின் வண்டிதான் பல சபைகளில் மிகவும் தேய்ந்த டயரோடு ஓடுகிறது. அவர் வாய்திறந்து கேட்கமாட்டார். கன்வென்ஷனுக்கு விசுவாசிகளை ஏற்றிச்செல்லும் சபை வேனின் நிலையும் அநேகமாக அதுவே. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், வாலிப சகோதரர் இருவர் ஆழம் அளக்கும் கருவியோடு வாகனங்கள் நிற்கும் இடத்துக்குப் போகட்டும். போதகரின் வண்டி, சபை வேன், விதவைத் தாயார்களின் குடும்ப வண்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, டயரின் ஆழத்தையும் தயாரிப்பு வாரத்தையும் எழுதிவையுங்கள். மாற்றவேண்டியவை பல இருந்தால் ஒரே கடையில் சேர்ந்து வாங்குங்கள். எட்டு டயர் வாங்குகிறவர்களுக்குக் கடைக்காரர் விலை குறைத்துத் தருவார். ஊழியருடைய டயரின் செலவைச் சபையார் பகிர்ந்துகொள்ளுங்கள். நற்செய்தி அறிவிக்கிறவருடைய பாதங்களைப் பற்றி நாம் எவ்வளவோ பாடுகிறோம். அந்தப் பாதங்களைச் சுமந்து செல்லும் சக்கரங்களையும் கவனிப்போமாக.

ஜெபம்: பரலோகப் பிதாவே, நீர் தந்த வாகனத்துக்காக ஸ்தோத்திரம். உம்மைப் பரீட்சை பாராமல், எங்கள் பொறுப்பை உண்மையாய்ச் செய்து, அதன்பின் உம்முடைய காவலில் இளைப்பாற எங்களுக்குத் தெளிந்த புத்தியைத் தாரும். பயணத்திலிருக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் சுகமாய் வீடு சேரப்பண்ணும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.